செங்கமலத்தின் நீல நகங்கள்

மாவு மில்லில் குடியிருந்த பூனை செங்கமலத்துக்குத் தன் அழகின் மேல் அபார நம்பிக்கை. ஒருநாள் சுவர் வளைக்குள்ளிருந்து அஞ்சலை எலி குரல் கொடுத்தாள்.

"அக்கா, நகப்பூச்சு போட்டுப் பாக்குறீங்களா? கடைச் சரக்கு இல்ல. மயிலிறகை அரைச்சு, வேப்பம்பிசின்ல குழைச்சு நானே செஞ்சது."

இவளைத் தின்பதா, பூச்சைப் பார்ப்பதா என்று செங்கமலத்துக்கு ஒரு கணம் தடுமாற்றம். வளைக்குள் மினுங்கிய நீலம் ஜெயித்தது. பாதங்களை ஒவ்வொன்றாக உள்ளே நீட்டினாள். அஞ்சலை நகம் நகமாகப் பூசிவிட்டாள். வெயிலில் காட்டினால் நீலத்துக்குள் பச்சை ஓடிப் பிடித்து விளையாடியது.

"ஒண்ணே ஒண்ணுக்கா. நகத்தை உள்ள இழுத்தா பூச்சு உரிஞ்சிரும். எப்பவும் வெளியவே வெச்சுக்கங்க."

"உள்ள வெச்சா யாருடி பாப்பாங்க?" என்றாள் செங்கமலம்.

அன்றிலிருந்து நகங்களை நீட்டியபடியே நடந்தாள். சிமெண்ட் தரையில் டக், டக் என்று சத்தம் எழுந்தது. பதுங்கி வந்தாலும் டக், டக். எலிகள் அதைக் கேட்டதும் சாவகாசமாக வாயைத் துடைத்துக்கொண்டு வளைக்குள் போயின.

நாளாக நாளாகச் செங்கமலத்தின் வயிறு முதுகோடு ஒட்டிப்போனது. கடைசியில் ஒரு மத்தியானம் வளை வாசலில் வந்து நின்றாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று அஞ்சலை வளைக்குள் பின்வாங்கினாள்.

"ஏன்டி அஞ்சலை," என்றாள் செங்கமலம், "சுட்டுவிரல்ல லேசா உரிஞ்சிருச்சு, கொஞ்சம் தொட்டு விடேன். உடம்பு இளைச்சதுக்கப்புறம்தான் இந்தக் கலர் எனக்கு எடுப்பா இருக்கு!"