கேட்காத காலேஜ்

"ஏட்டி லீலா, திருநெல்வேலி காலேஜ்காரன்கிட்ட எவ்வளவு கமிஷன் வாங்கினே?"

அருமனை சந்திப்பில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தார் நேசையன். பின்னால் மகள் ஜாஸ்மி, அழுது வீங்கிய முகத்தோடு. மனைவி ராகேல் அண்டி ஆபீஸில் முந்திரி உடைத்துவிட்டு நேராக வந்தவள், வாசலோடு நின்றுகொண்டாள்.

கடைக்காரி லீலாபாய் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இருங்க அண்ணே. என்ன விஷயம்?"

"இருக்க வரல்ல. நான் போடச் சொன்னது எந்தக் காலேஜ்?"

"நாகர்கோவில்."

"எத்தன காலேஜ்?"

"ஒண்ணு."

"பின்ன திருநெல்வேலியில இருந்து எப்படி மெசேஜ் வந்துது? நாளைக்குக் காலத்த கவுன்சிலிங்காம். நான் கேக்காத காலேஜ் என்னை எதுக்குக் கூப்பிடுது?"

சர்க்கார் காலேஜ்களுக்கெல்லாம் சேர்த்து ஆன்லைனில் ஒரே விண்ணப்பம்தான். எத்தனை காலேஜ் வேண்டுமோ அதிலேயே வரிசையாகச் சேர்த்துக்கொள்ளலாம். இதை விண்ணப்பம் போட்ட அன்றைக்கே லீலாபாய் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தாள். நேசையன் கேட்டால்தானே!

"ஒரே நேரத்துல ஆறு வீட்டுல பொண்ணு கேட்டா எவன் தருவான்? ஒண்ணு போதும்" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

இப்போது திறந்து பார்த்தால், நாகர்கோவிலுக்குக் கீழே இன்னும் அஞ்சு காலேஜ் வரிசையாக இருக்கிறது. நாகர்கோவிலில் இடமும் இல்லை. மனுஷனுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"நீ அஞ்ச கூடச் சேர்த்தே. இவிய ஊரெல்லாம் கேட்டு அலையுதாவன்னு நாகர்கோவில்காரனுக்குக் கோவம் வந்துட்டு. எனக்க பிள்ளைக்க சீட்டு போச்சு!"

"அண்ணே, காலேஜுக்குக் கோவமெல்லாம் வராது. ஃபாரம்தான் ஒண்ணு. மார்க்கப் பார்த்து ஒவ்வொரு காலேஜும் தனித்தனியா லிஸ்ட் போடும். நாகர்கோவில்ல இவளுக்கு முன்னால முந்நூறு பேரு. அத மட்டும் போட்டிருந்தா இந்த வருஷம் பிள்ள வீட்டுலதான் இருக்கணும்."

"பேச்ச மாத்தாத. சேர்த்தது யாரு?"

லீலாபாயின் கண் ஒரு நொடி வாசல் பக்கம் போய்த் திரும்பியது.

"பாரு, முழிக்கா! மடியில கனம் இல்லாட்டி வழியில பயம் எதுக்கு? ஆள் பிடிக்க உன்னை வச்சிருக்கானுவ. அதான் விஷயம்."

"எனக்க கை தவறிப் பட்டிருக்கும் அண்ணே. தப்புதான், மன்னிச்சிருங்க. ஆனா நாளைக்கு ஒம்பது மணிக்குப் பிள்ளைய அங்க கொண்டு போயிருங்க. போகாட்டி சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"கை தவறினா ஒண்ணு விழும். அஞ்சு விழுமா?"

நியாயமான கேள்விதான். ஜெராக்ஸ் எடுக்க நின்ற ரெண்டு பேரும் தலையாட்டினார்கள்.

"ஸ்டேஷனுக்கு நட. அங்க வந்து சொல்லு. திருநெல்வேலிக்கு இங்க யாரும் போகல்ல!"

ஜாஸ்மிக்கு மறுபடியும் அழுகை வந்தது. "அப்பா, நான் ஆசப்பட்ட பிசிக்ஸ்தாம்ப்பா கிடைச்சிருக்கு."

"ஓகோ! அப்போ நீயும் இவளும் கூட்டா?"

"சத்தியமா இல்லப்பா! எனக்கு ஒண்ணும் தெரியாது. ஓ.டி.பி. இல்லாம அதுல எதையும் மாத்தவே முடியாது. அது உங்க போனுக்குத்தான் வரும்."

"எனக்க போனுக்கா? இந்தா நீயே பாரு. ஒரு மண்ணும் வரல்ல."

சொல்லிக்கொண்டே மெசேஜ்களைத் தள்ளினார். கேஸ் புக்கிங், ரீசார்ஜ், லோன் வேண்டுமா, மறுபடி ரீசார்ஜ். தள்ளிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது.

ஓ.டி.பி. வந்திருந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு.

அந்த நேரத்தில் அவர் சர்ச்சில் மைக் முன்னால் நின்று வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்தார். ஜாஸ்மி பாட்டுக் குழுவில் இருந்தாள். உள்ளே போவதற்கு முன் போனை வழக்கம்போல ராகேலின் பையில் போட்டிருந்தார்.

மெதுவாக வாசல் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றாள் லீலாபாய் அவசரமாக.

ராகேல் உள்ளே வந்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசியறியாதவள்.

"ஸ்டேஷனுக்குப் போணும்னா என்னைக் கூட்டிட்டுப் போங்க. சர்ச்சுல இருந்து எழும்பி வந்து அஞ்சையும் சேர்க்கச் சொன்னது நான்தான். உங்ககிட்ட சொல்லாண்டாம்னு அவளுக்க கையப் பிடிச்சுக் கெஞ்சினதும் நான்தான்."

நேசையன் போனைத் தாழ்த்தினார். "நீயா? எதுக்குட்டி?"

அண்டிக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள் ராகேல்.

"பிளஸ் டூவில நானும் நல்ல மார்க்குதான் வாங்கினேன். அன்னைக்கெல்லாம் ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனி ஃபாரம். எங்கப்பாவும் ஒண்ணே ஒண்ணுதான் வாங்கினாரு."