ஊசித் துளைகள்

எங்கள் லாண்டரியில் யாரிடமும் 'நாளையிலிருந்து வராதே' என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சனிக்கிழமை எல்லோருடைய நீலக் கோட்டையும் ஆபீஸில் வாங்கிக்கொள்வார்கள். பிறகுதான் துவைக்க வரும். பாக்கெட்டில் தைத்த பெயரின் நூலைப் பிரித்திருந்தால், அந்தக் கோட்டு இனி புதிதாக வருகிறவளுக்கு.

இன்று இஸ்திரி மேசையில் விரித்த முதல் கோட்டில் பெயர் இல்லை, ஊசித் துளைகள் மட்டும் இருந்தன. விரலால் தடவினேன். ஜெசிந்தா.

"யாருதுக்கா அது?" என்றாள் பக்கத்து மேசையிலிருந்த ஜெசிந்தா.

"தெரியலடி." ஆவியை அழுத்தினேன். துளைகள் மூடவில்லை.

பாக்கெட் உள்பக்கம் போகும்படி கோட்டை மடித்து வைத்தேன்.

பின்னால் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. வட்டக் கண்ணாடிக்குள் மிச்சக் கோட்டுகள் புரண்டன. அவற்றில் ஒன்று என்னுடையது. ஒவ்வொரு பாக்கெட்டும் கண்ணாடியில் வந்து ஒட்டியது, படிப்பதற்குள் விலகியது.