ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

ரெக்ஸ் செய்துகொண்டிருந்தது பச்சை அயோக்கியத்தனம். அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

காவேரிப்பட்டினத்தை அடுத்த மாங்கன்று நர்சரியில் பழைய எலக்ட்ரிக் டிராக்டர் ஒன்று இருந்தது. எந்த எஸ்டேட்டுக்காரரோ அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து இறக்கியது. கைமாறிக் கைமாறி இங்கே வந்து சேர்ந்திருந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை என்பதால் நிழல்வலைக்குள்ளிருந்து கன்றுகளை இழுத்து வர அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. முப்பது தாண்டியும் கல்யாணப் பேச்சுக்குப் பிடிகொடுக்காமல் நர்சரியைத் தனியாளாக நடத்திவந்த சுகுணாவுக்கு, வண்டி நின்றால் வியாபாரமே நின்ற மாதிரி.

அந்த வண்டியின் உயிர், சீட்டுக்கு அடியில் இருந்த ரிலே. சாவியைத் திருப்பினால் அதற்குள் இருக்கும் இரண்டு பாயின்ட்டுகள் ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும், மோட்டாருக்குக் கரன்ட் போகும். ஒட்டவில்லை என்றால் வண்டி நகராது. அவ்வளவு பழைய ரிலேவுக்கு எந்தக் கடையிலும் மாற்று கிடையாது. பிரித்து, தேய்த்து, சரிபார்க்கத்தான் வேண்டும். அதற்காக ஓசூரில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்த ரெக்ஸ் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தான்.

ஞாயிறுதோறும் ஏன் வர வேண்டும்? அங்கேதான் சூது. பாயின்ட்டையெல்லாம் பளபளவென்று தேய்த்துவிட்டு, மூடுவதற்கு முன்னால் ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் தளர்த்திவிடுவான். பிடிப்பு இல்லாத பாயின்ட் பொறி கக்கிக் கரிந்து, வாரக் கடைசிக்குள் வண்டி படுத்துவிடும். பக்கத்திலேயே டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கும் சுகுணாவுக்குத் தெரியாமல் இதைச் செய்ய ஒரு கை சாமர்த்தியம் வேண்டும். படுபாவிக்கு அது இருந்தது.

சுகுணாவின் அண்ணன் மாதேஸ்வரனுக்குத்தான் முதலில் சந்தேகம் தட்டியது.

“இவன் வேணும்னேதான் பண்றான் சுகுணா. பெங்களூர்ல பழைய வண்டிக்கு அலையற ஆளுங்க எத்தன பேரு! நம்மள சலிக்க வெச்சி, அடிமாட்டு வெலைக்கு இத வாங்கி, அங்க கொண்டுபோய்த் தள்ளப் பாக்கறான்.”

“சும்மா இருண்ணா. பழசுன்னா அப்படித்தான் மக்கர் பண்ணும்” என்றாள் அவள்.

போன ஞாயிறு ரெக்ஸுக்கே மனசு உறுத்திவிட்டது. பெரிய ஆர்டர் ஒன்றுக்கான கன்றுகள், இழுத்துவர வண்டி இல்லாமல் உள்ளேயே தேங்கிக் கிடந்தன. ‘சே, நானெல்லாம் ஒரு மனுஷனா?’ என்று தன்னையே திட்டிக்கொண்டு ஸ்பிரிங்கை நன்றாக முறுக்கி, எல்லாவற்றையும் ஒழுங்காகப் பொருத்தினான். இத்தனை நாள் போட்ட திட்டம் பாழ்.

“இனிமே ரொம்ப நாளைக்கு நிக்காதுங்க” என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கக்கூட நிற்காமல் கிளம்பிப் போனான்.

இரண்டு நாளில் சுகுணாவிடமிருந்து போன். “கன்னெல்லாம் லாரி ஏத்தியாச்சுங்க. அப்புறம் பாத்தா, வண்டி மறுபடி நின்னுபோச்சு.”

ரெக்ஸுக்கு ஒன்றுமே புரியவில்லை. இந்த முறை அவன் செய்தது சுத்தமான வேலை. எப்படி நிற்கும்?

ஞாயிறு வந்து இறங்கினால், டிராக்டர் பக்கத்தில் சுகுணாவோடு மாதேஸ்வரன். அவனோடு, அவன் கையோடு அழைத்து வந்திருந்த பெண் கான்ஸ்டபிள் சௌமியா.

“எங்க கண்ணு முன்னால தொறடா” என்றான் மாதேஸ்வரன். “தில்லுமுல்லு எதுனா இருந்துச்சு, இப்பவே கேஸு.”

கேஸ் என்றால் கம்பெனி வேலை அன்றைக்கே காலி. ரெக்ஸ் ரிலேவைக் கழற்றி மூடியைத் திறந்தான். ஸ்பிரிங் அவன் முறுக்கிய முறுக்கிலேயே இருந்தது. ஆனால் இரண்டு பாயின்ட்டின் மேலும் சிவப்பாக ஏதோ பூசிக் காய்ந்திருந்தது. அதைத் தாண்டிக் கரன்ட் எங்கே போகும்?

“ஏனோ இது? என்னடா இது?” கோபம் வந்தால் மாதேஸ்வரனுக்குக் கன்னடம் வந்துவிடும். “பாத்தீங்களா மேடம்? நான் சொன்னன்ல!”

ரெக்ஸ் சுகுணாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அதற்குமேல் அவனால் மறைக்க முடியவில்லை.

“அண்ணா, இத்தன நாளா ஸ்பிரிங்க லூசு பண்ணி உட்டது நான்தான். ஒத்துக்கறன். ஆனா வண்டிமேல எனக்கு ஆசையே கெடையாது. வண்டி நல்லா ஓடிடுச்சுன்னா, நான் என்னன்னு சொல்லிக்கிட்டு ஞாயித்துக்கெழம இவங்கள வந்து பாக்கறது? அதுக்குத்தான் பண்ணன். போன வாரம் மனசு கேக்காம ஒழுங்கா செஞ்சி குடுத்துட்டன். ஆண்டவர் சாட்சியா சொல்றன், இந்தச் செவப்பு மட்டும் நான் இல்ல!”

“அடப்பாவி!” மாதேஸ்வரன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். “நீ இல்லாம வேற எவன்டா இங்க வந்து ரிலேவுல கை வெக்கப் போறான்?”

சௌமியா ரிலேவை வாங்கிச் சிவப்பைச் சுரண்டினாள். முகர்ந்து பார்த்தாள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“மொதல்ல அவர் சட்டைய விடுங்க சார். இது நெயில் பாலிஷ்.”

சுகுணா தன் இரண்டு கைகளையும் மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.