நாலு முழம் ஆழம்

கொச்சியில வேலை பார்த்த எங்க வீட்டுக்காரர், ரிட்டயராகி வரும்போது ஒரு பழைய பாய்மரப் படகை லாரியில ஏத்திட்டு வந்து, பரளச்சியில எங்க பருத்திக்காட்டுல நிறுத்திட்டாக. கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? அதுக்கு நோட்டு வேற. காத்து எந்தப் பக்கம், ஆழம் எவ்வளவுன்னு தினமும் எழுதணுமாம். இவுகளுக்கு முட்டி வலி. ஏணி போட்டு ஏறி எழுதுறது நான்.

மேகாத்து. ஆழம் நாலு முழம். கரிசமண்ணு ஏறவா எறங்கவா போகுது? நேத்து அளக்காமலே எழுதிட்டேன்.

"நோட்டுல பொய் எழுதுனா ஆளையே கொன்னுரும்டி"ன்னு கத்துனாக.

சரி, தொலையுதுன்னு இன்னைக்குக் கல்லு கட்டின கயித்தை வெளியே விட்டேன். போய்க்கிட்டே இருந்துச்சு. கயிறு முழுசும் தீந்தும் கல்லு தரையைத் தொடல. எட்டிப் பார்த்தா அதே பருத்திச்செடி, நடுவுல இவுக.

"எழுதிட்டியா? எறங்கி வா, காப்பி ஆறுது."

"கயிறு பத்தலங்க."

"நாலு முழத்துக்கா பத்தல? வெளையாடாதடி."

கயித்தை இழுத்தேன். கல்லு ஈரமா வந்துச்சு. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்ல.

"எறங்குறது இருக்கட்டும். நீங்க எதுமேல நிக்கிறீக?"

இவுக குனிஞ்சு பார்த்தாக.