சபா கொண்டுபோன தண்ணி

“எங்க தண்ணி சாக்கடைன்னு பேர் எழுதி ஒட்டி வெச்சிக்கிறீங்களாமே டீச்சர்?”

வகுப்பு வாசலில் நின்று சுரையா போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்னே! உத்திரமேரூர் பஜாரில் அவள் புருஷன் காஜா மொய்தீன் நடத்துவது நாஷ்டா கடை. காலையிலிருந்து வருகிறவன் போகிறவனெல்லாம் டீ கிளாஸைத் தூக்கிப் பார்த்து, “இன்னா பாய், பள்ளிக்கூடத்துல உங்க தண்ணிதான் கடைசியாமே?” என்று கேட்டால் வயிறு எரியாதா?

ஞானசுந்தரி டீச்சர் பதறிப்போனார்.

“அவங்கவங்க வூட்ல குடிக்கிற தண்ணியக் கொண்டாரச் சொன்னேங்க. துணியில வடிகட்டிப் பாத்தோம். உங்க பொண்ணு சபா கொண்டாந்தது இதான்.”

மேசையில் வரிசையாகப் பாட்டில்கள். ‘சபா’ என்று சீட்டு ஒட்டியதில் எண்ணெய் ஆடை மிதந்தது. கிட்டே போனாலே குமட்டியது.

“இது எங்க தண்ணியே இல்ல. மொதல்ல அந்தச் சீட்டைக் கிழிங்க!”

சொல்லும்போதே பக்கத்துப் பாட்டில் கண்ணில் பட்டது. பளிங்கு மாதிரித் தண்ணீர். அடுப்புச் சூட்டில் ஒரு பக்கம் உருகிப்போன மூடி. அவள் வீட்டு மூடியேதான்! சீட்டில் ‘ஷாரோன்’ என்றிருந்தது.

கடைசி பெஞ்சில் காலனிப் பெண் ஷாரோன் தலையைக் குனிந்துகொண்டாள்.

சுரையா மகளை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

“மாத்தி வெச்சியாடி?”

“எல்லாரும் அவளைக் கிண்டல் பண்ணுவாங்கம்மா.”

“அதுக்கு அவங்க அழுக்கை நம்ம தலையில கொட்டிக்கணுமா? அத்தா பொழப்பு நாறிக்கினு கீதுடி!”

சபா கீழே கையைக் காட்டினாள். பிள்ளைகள் மண்ணைக் குழைத்து ஊரையே செய்து வைத்திருந்தார்கள். மேட்டில் பஜார். சரிவில் கால்வாய். பள்ளத்தில் காலனிக் கிணறு.

“நேத்து இதுல நம்ம கடைப் பின்னாடி, பாத்திரம் கழுவுற எடத்துல நான் சொட்டு நீலம் ஊத்துனேம்மா. டீச்சர் மழை மாதிரி தண்ணி தெளிச்சாங்க.”

“சரி, அதுக்கு இன்னா இப்போ?”

“ஷாரோன் கிணறு நீலமாயிடுச்சும்மா.”

சுரையா குனிந்து பார்த்தாள். தன் கடையிலிருந்து கால்வாய் வழியாகக் கிணறு வரைக்கும் நீலக்கோடு இன்னும் அழியாமல் கிடந்தது.

‘யா அல்லா! அதையா குடிக்கிறாங்க?’

உள்ளே டீச்சர் அந்தச் சீட்டைக் கிழிக்க நகத்தை வைத்துவிட்டார். சுரையா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“கிழிக்காதீங்க டீச்சர். பேரு சரியாத்தான் கீது.”