அவரைப் பந்தல்

புரட்டாசி பிறந்து வெயில் கொஞ்சம் தணிந்ததும் ஒரு முள்ளம்பன்றியும் அதன் மனைவியும் தோட்டம் போட நினைத்தன. அவற்றுக்கு இருந்ததோ பாறையோரத்தில் ஒரே ஒரு பாத்தி.

“அவரை போடுவோங்க. பந்தலில் ஏத்திவிட்டா மாசக்கணக்கில் காய்க்கும்,” என்றது மனைவி.

“முள்ளங்கிதான். நாற்பதே நாளில் பிடுங்கிடலாம்.”

“பந்தலுக்கு நீங்க ஒரு குச்சிகூட நட வேண்டாம். நானே நட்டுக்கறேன்.”

“நான் கொத்தின பாத்தியில் அவரை ஏறாது!”

விட்டுக்கொடுக்க முள்ளம்பன்றிக்கு மனம் வரவில்லை. புரட்டாசி முழுக்க இதே பேச்சாகப் போயிற்று. விதைகள் வளையிலேயே கிடந்தன. கடைசியில் இரண்டும் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திக்கொண்டன.

ஐப்பசியின் முதல் மழையில் நனைந்த மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் அது கண் திறக்கவில்லை.

நான்காம் நாள் முள்ளம்பன்றி தனியாகப் போய் அவரை விதையை ஊன்றியது. மழையில் அலைந்து குச்சி பொறுக்கி வந்து பந்தல் போட்டது.

தை மாதம் பந்தலே தெரியாதபடி காய்த்துத் தொங்கியது. முள்ளம்பன்றி ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. பறித்ததையெல்லாம் பக்கத்து மரத்து அணிலுக்குக் கொடுத்தது.

“அவரை போட்டீங்களே, நல்ல யோசனை அண்ணே!” என்றது அணில்.

முள்ளம்பன்றி பந்தலை அண்ணாந்து பார்த்தது.

“விடிஞ்சா போதும், மறுபடியும் காய்ச்சு நிக்குது,” என்றது. “இது எப்போ ஓயும்னு உனக்குத் தெரியுமா, தம்பி?”