கன்னிமார் ஏரியில் ஒரு அகல்

கூட்டேரிப்பட்டுக்கு மேற்கே, கன்னிமார் ஏரியில் பொழுது சாய்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக இங்கே அகல் விடுகிறார்கள். ஆள் உயிரோடிருந்தால் விளக்கு கரைக்கே திரும்பி வரும். இல்லையென்றால் நடு ஏரியில் அணைந்துவிடும். ஏரி சொல்லாமல் மரக்காணத்துக் குப்பங்களில் எவரும் காரியம் செய்வதில்லை. கணவன் சுகுமாருக்காக ஏற்றிய அகலைச் செந்தாமரை இன்னும் கையிலேயே வைத்திருக்கிறாள். எண்ணெய் விரலில் வழிகிறது. “உடும்மா, எனக்கும் தெரியணும் இல்ல?” என்கிறாள் பின்னால் நிற்கும் மாமியார் ராஜாமணி. செந்தாமரை அகலைத் தண்ணீரில் வைக்கிறாள். காற்றே இல்லை, அகல் தானாக நகர்ந்து கரையை விட்டுப் போகிறது. தவளைகள் கத்திக்கொண்டே இருக்கின்றன. தூரத்து நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துப் போகிறது. நடு ஏரியில் சுடர் ஒருமுறை நிமிர்ந்து, அணைகிறது. கூட வந்த பெண்கள் வழக்கப்படி செந்தாமரையின் தலைப்பூவை எடுக்க நெருங்குகிறார்கள். ராஜாமணி தள்ளாடி வந்து குறுக்கே நிற்கிறாள். “பூவுல கை வைக்காதீங்க. எம்புள்ள போய்ட்டான். எம்பொண்ணு அழுதுக்கினு இருக்குது, உடுங்க.” செந்தாமரை அவள் இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள். பெண்கள் நீட்டிய கையை இறக்கிக்கொண்டு, ஒவ்வொருவராக ஈரப் படியில் உட்காருகிறார்கள்.